கழுகு வெள்ளியும் பதினெட்டு வைக்கோலும்

சிராங்கூன் சாலையில் பாக்கியலட்சுமியைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் பால் குடிக்காதவராகத்தான் இருக்க வேண்டும். பத்தொன்பது வயதில் புருஷனோடு கப்பலேறி வந்தவள். மூன்றாம் வருஷமே புருஷன் காய்ச்சலில் போனான். அன்று தொடங்கி இருபத்திரண்டு வருஷமாக மருதப்பன் தொழுவத்தில் கூலிக்குப் பால் கறக்கிறாள். புண்ணாக்கு வாசனை முதலில் தெருவுக்குள் நுழையும். பின்னாலேயே பாக்கியம் வருவாள்.

அவள் சேர்த்ததெல்லாம் அறுபது மெக்சிகோ வெள்ளி. கழுகு போட்ட பழைய நாணயம். பானையில் போட்டு, மயிலி என்ற பசுவைக் கட்டும் முளைக்கு அடியில் புதைத்திருந்தாள். மயிலி முட்டும் என்பதால் பூட்டு தேவைப்படவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலில், கழுகு வெள்ளியைக் கொடுத்து ராஜா தலை போட்ட புது வெள்ளியை வாங்கிக்கொள்ளச் சொல்லி சர்க்கார் கெடு வைத்தது. கெடு தாண்டினால் பழசு செல்லாது. ஊரே ஓடி மாற்றிக்கொண்டது. பாக்கியம் மட்டும் அசையவில்லை. மயிலி அப்போது நிறைசினை. சினைமாட்டின் முளையைப் பிடுங்கினால் கன்று தங்காது என்று அவளுக்குப் பயம். கெடு முடிந்து ஒன்பதாம் நாள் மயிலி சாவகாசமாக ஈன்றது. அதற்கப்புறம்தான் பானை வெளியே வந்தது. தொழுவமே சிரித்தது. கன்றை நக்கிக்கொண்டிருந்த மயிலி மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டு வருஷம் போனது. மயிலிக்குப் பால் வற்றியது.

"புதன்கிழமை கசாப்புக்காரன் வரான் பாக்கியம்," என்றார் மருதப்பன். "அறுபது வெள்ளி சொல்லியிருக்கான்."

"அந்த அறுபதை நான் தரேன் முதலாளி. மாட்டை எனக்குக் குடுங்க."

"புது வெள்ளியா குடு, ஓட்டிட்டுப் போ. உன் கழுகைக் கொண்டாந்தா மாடு மிரளும்."

அவள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தாள். காசு மாற்றும் மரைக்காயர் ஒரு நாணயத்தைக் கல்லில் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா செல்லாத காசு தங்கச்சி. வெறும் வெள்ளியா எடை போட்டு எடுத்தா ஒண்ணுக்கு எண்பத்தஞ்சு காசு போடறேன்."

வெள்ளி வேலை செய்யும் சுப்பிரமணிய ஆசாரியும் அதே எண்பத்தைந்துதான் சொன்னார். "உருக்கினா கழிவு போகுமே."

நூறு காசு ஒரு வெள்ளி; அறுபது நாணயத்துக்கு ஐம்பத்தொரு வெள்ளிதான் வரும். மாட்டில் ஒரு கால் குறைந்தது. மூன்று காலோடு மயிலியை வாங்கி என்ன செய்வது?

ஆனால் பால்காரிக்கு எல்லா வீட்டு அடுப்படியிலும் காது உண்டு. தவுக்கே என்கிற சீன முதலாளி வீட்டுச் சமையல்காரன் சொன்னான்: சீனாவில் கழுகு வெள்ளி இன்னும் செல்கிறது, அமோய் போகும் கப்பலுக்கு மரைக்காயர்தான் தேடித் தேடிச் சேர்த்துக் கொடுக்கிறார். ஆசாரி மனைவி சொன்னாள்: கல்யாணக் கொலுசுக்கு வெள்ளி போதாமல் அவர் ராத்தூக்கம் கெட்டுக் கிடக்கிறார். பாக்கியம் இரண்டு வீட்டிலும் பாலை ஊற்றிவிட்டுச் செய்தியை வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இருவரையும் தொழுவத்துக்கே வரவழைத்தாள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. பார்த்ததும் இருவரும் இலேசாக இருமினார்கள்.

"மாடு வாங்கற காசு இது. அதனால மாட்டுச்சந்தை வழக்கம்தான்," என்று மடியில் துண்டை விரித்தாள். "விலையை வாயால சொல்லக்கூடாது. துண்டுக்குள்ளதான்."

"பொம்பளை விரலைத் துண்டுக்குள்ள பிடிக்கச் சொல்றியா?" என்றார் ஆசாரி. "வீட்டுல எனக்குச் சோறு கிடைக்காது."

"விரல் யாருக்கு வேணும் ஆசாரியாரே. எண்பத்தஞ்சுக்கு மேல ஏத்தற ஒவ்வொரு காசுக்கும் ஒரு வைக்கோல் துண்டுக்குள்ள வைங்க."

மரைக்காயர் ஐந்து வைத்தார். பாக்கியம் துண்டைத் தூக்கிப் பார்த்தாள், கொட்டாவி விட்டாள். ஆசாரி ஏழு வைத்தார். அவற்றை எண்ணி, பின்னால் கட்டியிருந்த மயிலி பக்கம் வைத்துவிட்டு, அவள் மெதுவாக எழுந்து ஆசாரிக்கு மட்டும் ஒரு பெரிய தம்ளரில் சூடான பால் கொண்டுவந்து கொடுத்தாள்.

மரைக்காயருக்கு அந்தத் தம்ளர் பிடிக்கவே இல்லை. பன்னிரண்டு வைத்தார். அவள் துண்டுக்குள் பார்த்தாள். பிறகு ஆசாரியிடம் குனிந்து, "இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா?" என்றாள்.

மரைக்காயர் வைக்கோல் போரில் கையை விட்டு உருவினார். மொத்தம் பதினெட்டு. ஒரு நாணயத்துக்கு ஒரு வெள்ளி மூன்று காசு.

"போதும் மரைக்காயரே. உங்களுக்குத்தான்."

அறுபத்தொரு வெள்ளி எண்பது காசு, எல்லாம் ராஜா தலை. அறுபதை அங்கேயே மருதப்பன் கையில் எண்ணிப் போட்டாள். அவர் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார்; இரண்டு தரமும் அறுபதாகவே இருந்தது.

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்ட மரைக்காயர் வாசலில் நின்றார். கப்பலில் இதற்கு மேலும் விலை உண்டு, அவருக்கு நஷ்டமில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"ஆசாரி எத்தனை வச்சார் தங்கச்சி?"

ஆசாரி தம்ளரின் அடியில் இருந்த சர்க்கரையை விரலால் வழித்துக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை.

பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். மயிலி கழுத்தை நீட்டி, அந்த ஏழு வைக்கோலில் கடைசியை மென்றுகொண்டிருந்தது.

"அதை இதுகிட்டதான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு அவள் முளையைப் பிடுங்கினாள்.