அண்ணாந்தாரின் இடுப்பு

தள்ளுவண்டியின் கைப்பிடியில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, முகவாயைக் கூடைக்குள் நீட்டியபடி, பல்பொருள் கடையின் சோப்புத்தூள் வரிசையில் அண்ணாந்தார் நான்காவது சுற்று வந்துகொண்டிருக்கிறார். வண்டியில் இருப்பது ஒரே ஒரு பல்துலக்கி.

"என்னங்க, போலாமா?" என்கிறாள் மனைவி.

"இரும்மா, அந்தப் பக்கம் இன்னும் பாக்கலையே!"

கல்யாணமான நாளிலிருந்து கடை வாசலை மிதிக்காத மனிதர், மூன்று மாதமாக வாரம் நான்கு தடவை அவளோடு வருகிறார். மனைவிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. தங்கைக்குத் தொலைபேசியில், "மனுஷன் திருந்திட்டாருடி" என்று சொல்லியாகிவிட்டது.

உட்கூரைக்கு மட்டும் வர்ணம் அடிப்பவர். அதனால் எல்லோருக்கும் அவர் அண்ணாந்தார். பலகைமேல் நின்று, இடுப்பைப் பின்னுக்கு வில்லாக வளைத்து, முப்பது வருடம். அவர் அடித்த கூரைகளை வரிசையாக ஒட்டினால் சூரியன் தரைக்கு வர வழி கேட்டு நிற்க வேண்டும். நானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரின் முகம் அவருக்குத் தெரியாது. "சமையலறை மூலையில ஈரம் வருமே, அவரா?" என்றுதான் கேட்பார். சுவரைத் தொடமாட்டார். "சுவத்த யார் வேணா அடிக்கலாம், தூங்கிக்கிட்டே அடிக்கலாம்" என்பார். சுவர் அடிப்பவன் மனைவியின் தம்பி என்பதால் இதைச் சற்று உரக்கவே சொல்வார்.

ஈரம் கண்டுபிடிப்பதில் மன்னன். "கறை தெரியற எடத்துல கசிவு இருக்காது. தண்ணி எங்கயோ பூந்து எங்கயோ எட்டிப் பாக்கும்" என்று வீட்டுக்கு வீடு பாடம் நடத்துவார். தன் விஷயத்தில் மட்டும், வலது தொடை வலித்தால் தொடைக்கே தைலம். கெண்டைக்கால் மரத்தால் கெண்டைக்காலுக்குத் தைலம். பத்து நிமிடம் நின்றால் இடுப்பு பலகையாகிவிடும். நடை வாத்து நடை. தொடையின் பின்நரம்பு இறுகிப்போய்க் கால்விரல் எட்டவில்லை. "காத்தோட்டம் வேணும்" என்று காலுறையைத் துறந்தார். வழியில் மதில்சுவர் தென்பட்டால் முழங்கையை ஊன்றிக் குனிந்துவிடுவார். ஊர்வம்பு கேட்கிறார் என்று நினைத்து நாலு பேர் வந்து வம்பும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூச்சுவிடாமல் மறைத்ததற்குக் காரணம் உண்டு. ஆயுள் முழுக்கத் தட்டைக் கூரை அடித்தவருக்கு முதல்முறையாக ஒரு குவிமாடம் கிடைத்திருந்தது. நாடக அரங்கின் குவிமாடம். அடுத்த வாரம் வேலை. வலி என்று தெரிந்தால் மனைவி ஏணியை விறகாக்கிவிடுவாள்.

ஒருநாள் கடையில் தள்ளுவண்டி தீர்ந்துபோயிற்று. கைக்கூடையோடு பாதி வரிசை தாண்டியவர், கால் சுண்டி இழுக்க, யாரோ ஒரு அம்மாளின் வண்டிமேல் சாய்ந்து, அந்த அம்மாளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மனைவிக்குப் புரிந்துவிட்டது. "அப்போ எனக்காக வரல. வண்டிக்காக வந்தீங்க?"

"உனக்காகவும்தான்..."

"பேசாதீங்க!"

மறுநாள் மருத்துவர், பக்கவாட்டில் எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "கீழ்முதுகுல ஒரு எலும்பு, தனக்கு அடியில இருக்கற எலும்பு மேல முன்னால வழுக்கியிருக்கு. பின்னால வளைஞ்சு வளைஞ்சு விரிசல் விட்டிருக்கு. நரம்பு நசுங்குது, அதான் கால் வரைக்கும் வலி. குனிஞ்சா நரம்புக்கு எடம் கெடைக்குது, சுகமா இருக்கு."

"கறை ஒரு எடம், கசிவு ஒரு எடம்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே!" என்றாள் மனைவி.

"இப்போ கத்தி வேணாம். வயித்துத் தசையை உறுதியாக்கப் பயிற்சி தரேன். உக்கார்ற எடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியலைன்னாலோ அந்த நிமிஷமே ஓடி வரணும். அண்ணாந்து செய்யற வேலை மட்டும் கூடாது" என்றார் மருத்துவர்.

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"நீங்க எத்தனை வருஷம் அண்ணாந்தீங்க?"



இப்போது குவிமாடத்தின் அடியில், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, சுவரின் அடிப்பகுதிக்கு வர்ணம் தீட்டுகிறார். சாரத்தின் உச்சியில், அவருக்குப் பதிலாகக் குவிமாடம் அடிக்கும் மைத்துனன்.

"அத்தான், சுவரு எப்படி? தூக்கம் வருதா?"

"வாயை மூடிக்கிட்டு மேல பாரு மாப்ளே."

"மேலதான் பாக்கறேன். பக்கத்துல நின்னா எதுவும் தெரியல. திட்டு எதும் விழுந்திருக்கா, கொஞ்சம் சொல்லுங்க அத்தான்."

குரலில் கேலி இல்லை. அவருடைய முகவாய் தானாக எழும்பியது.

"என்னங்க!" என்றாள், காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனைவி.

முகவாய் இறங்கியது. தூரிகையை வர்ண டப்பாவின் விளிம்பில் வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்து அவள் பக்கம் நீட்டினார். அவள் ஒரு கணம் முறைத்துவிட்டு, கைப்பைக்குள் துழாவி, முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள்.

அதை மடியில் மல்லாத்தி வைத்தார். குவிமாடம் முழுசாக அவருடைய மடியில் வந்து இறங்கியது. குனிந்த தலை நிமிராமல் வெகுநேரம் பார்த்தார். பிறகு சுண்டுவிரல் நுனியால் கண்ணாடியின் ஒரு புள்ளியைத் தொட்டு, நாற்பதடி உயரத்தில் இருப்பவனுக்குக் காட்டினார்:

"இதோ, இங்க."