போதும் என்றால் இன்னொரு கரண்டி

எங்கள் கலைக்குழுவில் மொத்தம் இரண்டே பேர். மலைமேல் செம்மேட்டில் அரசுப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் வாத்தியாரான நான் ஒருவன். அங்கேயே சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் சிஸ்டர் இன்னொருவர். பொதுக்குழு கூட வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தால் ஆயிற்று. அரசு உதவி கிடையாது, கம்பெனி உதவி கிடையாது. ‘சுயேச்சைக் கலை முயற்சி’ என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

“கேக்க நாதியில்லாத முயற்சின்னு சொல்லுங்க சார்” என்பார் சிஸ்டர். அவருக்குத் தென்கோடியில் கடற்கரை ஊர். பேச்சிலும் கொஞ்சம் உப்பு உண்டு.

சிஸ்டர் சின்ன வயதிலிருந்து பரதம் ஆடியவர். இந்த மலைக்கு வேலைக்கு வந்த பிறகு, தடுப்பூசிப் பெட்டியோடு ஒரு சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் ஜவ்வு கிழிந்துபோனது. ஆபரேஷன் ஆயிற்று. நடக்கலாம் என்றார்கள். ஆடுவதைப் பற்றிக் கேட்டதற்கு டாக்டர் யோசித்துத்தான் பதில் சொன்னாராம்: ஒரு பாட்டு நேரம் ஆடிப் பார்க்கலாம், வலி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இன்னொரு தடவை கிழிந்தால் ஆட்டம் மட்டுமல்ல, மலைப்பாதை நடையும் போச்சு. நடக்க முடியாத நர்ஸுக்கு இங்கே என்ன வேலை? கீழே ஏதாவது ஓர் ஆபீஸில் மேஜையும் நாற்காலியும் கொடுத்துவிடுவார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் சிஸ்டரின் குரலில் உப்பு இருக்காது.

நான் ஆடுகிறவன் அல்லன். கடவுள் எனக்கு இரண்டு இடது காலைக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஆடுகிறவருக்கு உதவலாமே என்று ஒரு கருவி செய்தேன். காலில் கட்டும் பட்டை, அதற்குள் அசைவை அறியும் சென்சார். கால் தரையில் விழுந்ததும் தகவல் காற்று வழியே ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டி மேளம் அடிக்கும். கால் வேகமானால் மேளமும் வேகமாகும். கால் நின்றால் மேளமும் நின்றுவிடும். ஓடுகிற பாட்டைத் துரத்திக்கொண்டு சிஸ்டர் ஆட வேண்டாம், பாட்டு அவர் பின்னால் வரட்டும் என்பதுதான் என் எண்ணம். ஆறு ஜோடி செய்தேன். ஐந்து ஜோடிக்குச் சலங்கை, ஜால்ரா, உடுக்கை என்று சின்னச் சத்தங்கள். பெரிய மேளத்தை மட்டும் என் ஜோடிக்கு வைத்துக்கொண்டேன். கண்டுபிடித்தவனுக்கு இந்த அளவு மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி?

அதே மலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே மிளகு போடும் விவசாயி ஒருவர், பள்ளிக்கூடச் சாவிக்குப் பொறுப்பானவர், செம்மேட்டுச் சந்தையில் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு, “நம்மூர்ல வந்து ஆடுங்க சார், நாங்களும் கூட ஆடறோமுங்க” என்று கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனோம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு சிஸ்டர் ஆடப்போகும் முதல் ஆட்டம்.

போனதும் சாப்பாடு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, அவித்த மரவள்ளிக் கிழங்கு. மிளகுக்காரர் மனைவிதான் பரிமாறினார். வயிறு நிறைந்ததும் நான், “போதுங்க” என்றேன். ஒரு கரண்டி விழுந்தது. “ஐயோ போதுங்க” என்றேன். இரண்டு கரண்டி விழுந்தது.

“ஏனுங்க சார், அதுக்குள்ள போதும்ங்கறீங்க? கூச்சப்படாதீங்க.”

“நெசமாவே போதுங்க.”

“எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க” என்று குழம்பையும் ஊற்றினார்.

பக்கத்தில் சிஸ்டர் சத்தமே போடாமல் சொம்பை எடுத்துத் தட்டிலேயே கை கழுவிவிட்டார். கரண்டி அவரிடம் போகவில்லை. இந்த மலையில் என்னைவிட அதிகம் விருந்துகளிலிருந்து தப்பித்தவர் அவர். அதைப் பார்த்தபிறகும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டத்துக்கு முன்னால் சிஸ்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “சார், வலிச்சா நான் ‘போதும்’னு சொல்லுவேன். ஒடனே நிப்பாட்டிரணும், என்ன?”

“நீங்க சொல்லவே வேண்டாம் சிஸ்டர். நீங்க நின்னா அதுவும் நிக்கும்.”

தூறல் விழுந்தது. பெட்டி நனையக்கூடாது என்று வகுப்பறைக்குள் வைத்துப் பூட்டி, ஸ்பீக்கரை மட்டும் ஜன்னல் கம்பியில் கட்டினோம். சாவியை மிளகுக்காரர் இடுப்பில் செருகிக்கொண்டார். பட்டை ஜோடிகளில் ஒன்றை சிஸ்டர் கட்டிக்கொண்டார், ஒன்றை நான், ஒன்றை மிளகுக்காரர். மீதி மூன்றை ஊர்க்காரர்கள் கட்டிக்கொண்டார்கள். பட்டை கிடைக்காதவர்களும் சேர்ந்து வட்டம் கட்டினார்கள். ஒரு பாதியில் பெண்கள், மறுபாதியில் ஆண்கள். கையோடு கை பின்னி, இடுப்போடு இடுப்பு நெருங்கி நின்றோம்.

முதல் அடி விழுந்தது. தும்! ஊரே ஆவென்றது. சிஸ்டர் கால் வைத்தார், சலங்கை கேட்டது. அவர் முகத்தை நான் பார்த்தேன். அதற்காக இன்னும் ஆறு ஜோடி செய்யலாம் என்று தோன்றியது.

ஒரு பாட்டு நேரம் ஆயிற்று. இரண்டு பாட்டு நேரம் ஆயிற்று. சிஸ்டர் உதட்டைக் கடிப்பது தெரிந்தது. இடது காலை ஊன்றும்போதெல்லாம் அவர் சலங்கை ஒரு துளி பிந்தியது. ஆடத் தெரியாதவனுக்கும் அது கேட்டது. நான் இடப்பக்கத்துக்காரரிடம், “அண்ணே, நிறுத்திக்கலாமுங்களா?” என்றேன்.

“மேளம் எறங்காம எப்படிங்க நிறுத்தறது? நடுவுல நின்னா மேளக்காரரு மனசு நோகுமுல்லீங்க?”

“மேளக்காரரே நான்தானுங்க!”

“அப்ப நீங்க எறக்குங்க, நாங்க நிக்கறோம்.”

“நீங்க நின்னாத்தானுங்க அது எறங்கும்.”

“நீங்க எறக்குனாத்தானுங்க நாங்க நிப்போம்” என்று சொல்லி, என்மேல் உள்ள மரியாதையில் இன்னும் ஓங்கி மிதித்தார்.

அப்போதுதான் நான் செய்துவைத்திருந்த காரியம் எனக்கு விளங்கியது. கால் நின்றால் மேளம் நிற்கும் என்று நான் பெட்டிக்குச் சொல்லியிருந்தேன். மேளம் நின்றால்தான் கால் நிற்க வேண்டும் என்று இந்த ஊர் வைத்திருந்தது. இரண்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கை பூட்டப்பட்டு, நான்.

பெட்டியை நிறுத்தலாம் என்றால் அது பூட்டிய அறைக்குள். சாவி மிளகுக்காரர் இடுப்பில். அவர் வட்டத்தின் எதிர்ப்பக்கம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததால் அவர் எப்போதும் எதிர்ப்பக்கம்தான். கத்திக் கூப்பிட்டேன். என் மேளத்தின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மிளகுக்காரர் நான் குஷியாக இருப்பதாக நினைத்துத் தலையாட்டிச் சிரித்தார்.

கரண்ட் போகாதா என்று வேண்டிக்கொண்டேன். மலையில் தூறல் விழுந்தால் கரண்ட் போகும். போகத்தான் செய்தது, பள்ளிக்கூட விளக்கு அணைந்தது. மேளம் மட்டும் அசரவில்லை. இப்படி நடக்கும் என்று முன்யோசனையோடு பெட்டிக்குள் பேட்டரி வைத்த புத்திசாலி யார் என்று உங்களுக்கே தெரியும்.

மெதுவாக மிதித்துப் பார்த்தேன். சத்தம் கூடியது. வலுவில்லாதவர்கள் அடியும் எடுபட வேண்டும் என்று, மெல்லிய அடியைப் பெரிதாக்கும்படி நானே எழுதிவைத்திருந்தேன். காலை அசைக்காமல் நின்று பார்த்தேன். இரண்டு பக்கத்துக்காரர்களும் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். கால் கல்லில் தட்டித் தட்டி மேளம் படபடவென்று புது நடை பிடித்தது. “சார் என்னமா போடறாரு பாரு!” என்று ஒரு குரல். காலைத் தூக்கித் தொங்கலாம் என்றால், மூன்று கரண்டி அதிகமாகச் சாப்பிட்ட உடம்பை எந்தத் தோள் தாங்கும்?

அந்த நேரத்தில் சிஸ்டர் சொன்னார், “போதும்!”

அவருக்கு இரண்டு பக்கமும் நின்ற பெண்கள் சிரித்தார்கள். “சிஸ்டரு போதும்ங்கறாங்கடி! கூச்சப்படறாங்க. நல்லா எடுத்து வைங்க!” வட்டம் வேகம் பிடித்தது.

“போதும்மா! போதும்!”

நானும், “போதுங்க!” என்று அலறினேன். எனக்கும் சேர்த்து இன்னொரு கரண்டி விழுந்தது. வட்டம் பறந்தது. சிஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. இடது கால் ஊன்றவில்லை. இரண்டு பெண்களின் கைப்பிடியில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தார். அந்தக் கால் இந்த ஊருக்கு எத்தனை தடவை இறங்கி வந்திருக்கும்! அதை இந்த ஊரே, அன்பாகவே, உடைத்துக்கொண்டிருந்தது. கருவி என்னுடையது.

மிளகுக்காரர் மனைவி வட்டத்துக்கு வெளியே சொம்போடு வந்தார். ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர். குடிப்பதற்கு மட்டும் ஒரு கையை விட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. என் முறை வந்ததும் வலக்கை விடுபட்டது. சொம்பை வாங்கினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கரண்டி ஞாபகம் வந்தது, அதோடு கை கழுவிய சிஸ்டரும். ஓடிக்கொண்டே குனிந்து, சொம்புத் தண்ணீர் முழுவதையும் என் இரண்டு கால் பட்டையிலும் கவிழ்த்தேன்.

பட்டை ‘சுர்’ என்றது. பெரிய மேளம் அறுந்து நின்றது.

மேளம் இறங்கியதும் அத்தனை காலும் நின்றன. சலங்கை இரண்டு சிணுங்கல் சிணுங்கி அடங்கியது. அந்த அமைதியில் மிளகுக்காரர் மனைவி சொன்னார்: “அட சாமி! சார் கை கழுவிட்டாருங்க!”

ஊர் சிரித்து முடிப்பதற்குள் சிஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு நின்றது. அவர் தன் முழங்காலைத் தானே ஒரு நோயாளியுடையதைப் போல அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், மறுபடி அழுத்தினார்.

“கிழியல” என்றார். “வீங்கியிருக்கு. இன்னுங் கொஞ்சம் போயிருந்தா போயிருக்கும்.”

மிளகுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே நின்னிருப்போமே கண்ணு. போதும்னுதானே சொன்னீங்க?”

சிஸ்டர் அவரைக் கோபிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “நான் நின்னா அது நிக்கும்னு பெட்டிகிட்ட சொன்னீங்க. சரி. ஊர்கிட்ட சொன்னீங்களா சார்?”

நனைந்த பட்டையை அவிழ்ப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்தேன்.

“அடுத்த தடவ பெரிய மேளம் என் கால்ல இருக்கணும்.”

அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை; அந்தச் சொல்லின் மேல் அன்று எனக்கு நம்பிக்கை போயிருந்தது.

மிளகுக்காரர் ஜீப் பிடித்துக் கொடுத்தார். சிஸ்டர் பின்சீட்டில் காலை நீட்டி ஒரு மரவள்ளி மூட்டையின் மேல் வைத்துக்கொண்டார். பெட்டி, ஸ்பீக்கர், பட்டைகள் எல்லாம் முன்சீட்டில் என் மடியில். செம்மேட்டு ரோட்டில் முதல் பள்ளத்தில் ஜீப் தூக்கிப் போட்டதும், தும்! செத்துப்போனது என்று நினைத்த பட்டை காய்ந்து உயிர் பிழைத்திருந்தது. பெட்டியை நான் அணைத்திருக்கவே இல்லை. அடுத்த பள்ளத்தில் தும், தும். டிரைவர் ரசித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த பள்ளத்தைத் தேடிப்போய் இறக்கினார்.

“போதும்” என்றார் சிஸ்டர்.

பேட்டரி ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.