இரண்டாவது மவுஸ்

ஆர்டித் நிக்கிள் ஓய்வு பெறும்வரை பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ஒரு குளிர்காலத்திலும் வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. பனி உறையும் கனடாவின் நோவா ஸ்கோஷாவில் இது சின்ன விஷயம் இல்லை.

அவள் கணவன் டெல்பர்ட் சிங்கி இறால் பிடிப்பவன். சென்ற வருடம் அவனுக்கு நடுப்பார்வை போயிற்று. ஓரப்பார்வை மட்டும் மிச்சம். வீடு வீடாகப் போகும் நர்ஸ் நான். தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்க அவனைப் பழக்கினேன். படகின் சுக்கான் சக்கரத்தைத் தொடக் கூடாது என்று சொன்னதும் நான்தான்.

"அப்ப படக வித்துற வேண்டியதுதான்," என்றான். வெள்ளிக்கிழமை பார்க்க வரும்படி ஒருவனிடம் சொல்லியும்விட்டான்.

"நான் ஓட்டறேன்," என்றாள் ஆர்டித்.

"ஓட்டுவ. இறால் புடிக்கிற கூண்ட எங்க போடுவ? பஸ் ஸ்டாப்லயா?"

நியாயமான கேள்வி. எந்தப் பாறைக்குப் பின்னால் இறால் இருக்கும் என்பது அவனுக்குத்தான் தெரியும். ஆனால் படகின் ஜிபிஎஸ் திரை உள்ளங்கை அகலம். அவன் கண்ணுக்கு அது வெறும் மங்கல். அதை லேப்டாப்போடு இணைத்துவிட்டால், கடல் வரைபடத்தையும் படகு நிற்கும் இடத்தையும் வேண்டிய அளவு பெரிதாக்கிக் காட்டலாம் என்று ஆர்டித் முடிவு செய்தாள்.

புதன்கிழமை நான் போனபோது இருவரும் படகில் இருந்தார்கள். ஜிபிஎஸ் வயர்களை ஒரு கேபிளோடு முறுக்கி, டேப் சுற்றி, மறுமுனையை லேப்டாப்பில் செருகி முடித்திருந்தாள். லேப்டாப்பைப் போட்டதும் திரையில் அம்புக்குறி தாறுமாறாகக் குதித்தது. எதையெதையோ திறந்தது, வரைபடத்தை மூடியது.

"பேய் புகுந்துருச்சு. என் கண்ணுக்கே தெரியுதுன்னா பாத்துக்க," என்றான் டெல்பர்ட்.

"வாய மூடிட்டு கைய நீட்டு. நர்ஸ் பிரஷர் பாக்கணும்."

பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. சொன்னேன். இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆர்டித் கேபிளை உருவினாள்; அம்பு அடங்கியது. கேபிளைச் செருகி லேப்டாப்பை மறுபடி போட்டாள்; மறுபடி ஆட்டம். ஜிபிஎஸ்ஸில் எண் மாறும்போதெல்லாம் அம்பும் துள்ளுவதைக் கவனித்தாள். பிறகு லேப்டாப்பின் அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தாள். இரண்டு மவுஸ் இருப்பதாகக் காட்டியது.

"இங்க இருக்கிறது ஒண்ணுதானே?" என்று என்னைக் கேட்டாள்.

"ஒண்ணுதான்."

"கிறுக்கு மிஷினு. ஜிபிஎஸ் சேதி அனுப்பினா, யாரோ மவுஸ ஆட்டறாங்கன்னு நெனைக்குது."

இரண்டாவது மவுஸை முடக்கினாள். அம்பு நின்றது. வரைபடத்தைத் திறந்து பெரிதாக்கினாள். எங்கள் படகுத்துறையில், கரையை ஒட்டி, படகின் குறி அசையாமல் இருந்தது. டெல்பர்ட் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"கயித்த அவுத்து விடு," என்றான்.

நான் இறங்கவில்லை. சக்கரத்தை ஆர்டித் பிடித்தாள். அவன் திரைக்கு ஓரமாக முகத்தை வைத்துக்கொண்டு, "மேக்க போ. இன்னும். அந்த மேட்டுக்கு இந்தாண்ட... நிறுத்து," என்றான்.

"இங்கயா?"

"இங்கதான். எங்கப்பா யாருக்குமே சொல்லாத எடம். நர்சு, நீ காதப் பொத்திக்க."

அவன் உட்கார ஒரு நாற்காலியைப் படகின் தரையோடு சேர்த்து ஆணியடிக்க ஆர்டித்திடம் சொன்னேன். மறுநாளே அடித்தாள்.

படகு வாங்க வெள்ளிக்கிழமை வந்தவனை ஆர்டித் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கூண்டு இழுக்க அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது; அந்த வேலைக்கு அவனையே சேர்த்துக்கொண்டாள்.