எம்டன் வீட்டு மயில்

திண்டிவனத்தில் ரயிலடிக்குப் போகிற தெருவில் எம்டன் வீடு எது என்று கேட்டால் ஒரு சைக்கிள் கடையைக் கை காட்டுவார்கள். கடைக்காரர் சுப்பராயலுவுக்கும் அந்தப் பெயருக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. எம்டன் என்றால் பலே கில்லாடி என்று அர்த்தம். சுப்பராயலுவோ வாடகைக்குப் போன சைக்கிளைத் திருப்பிக் கேட்கவே கூச்சப்படுகிற மனுஷர். பெயர் வந்தது ஒரு மயிலால்.

முதல் உலகப் போரில் எம்டன் என்கிற ஜெர்மன் கப்பல் சென்னையின் மேல் குண்டு போட்டதல்லவா, அப்போது சுப்பராயலுவின் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஊரே அலறியடித்துக்கொண்டு வெளியூருக்கு ஓடியபோது அவர் மட்டும் மணலில் கிடந்த குண்டுச் சில்லு ஒன்றைப் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டு ஒரு பத்தர் வீட்டுக்குப் போனார். பத்தரைச் சும்மா சொல்லக்கூடாது. உள்ளங்கை அளவில் வெள்ளியில் ஒரு மயில் செய்து, தங்க முலாம் பூசி, தோகை நெடுகச் சிவப்புக் கல் வைத்து, வயிற்றில் நாலு கவ்வு விட்டு, கொட்டைப்பாக்கு அளவு இருந்த அந்தக் கருப்பு இரும்பைப் பதித்துக் கொடுத்துவிட்டார்.

ஆயுத பூஜைக்கு எல்லார் வீட்டிலும் கத்தரிக்கோலும் ஸ்பானரும் வைத்துக் கும்பிடுவார்கள். எம்டன் வீட்டில் நிஜமான போர் ஆயுதமே இருந்தது. விடுவார்களா? டெய்லர் கத்தரிக்கோலோடு வருவார், டிரைவர்கள் வண்டிச் சாவியோடு வருவார்கள். கொண்டு வந்ததை மயிலின் வயிற்றில் ஒரு தரம் தொட்டு எடுத்துக்கொண்டு போனால்தான் அவர்களுக்கு வருஷம் தொடங்கியது மாதிரி இருக்கும்.

1993இல் பெருமுக்கலில் இருந்து செண்பகம், சுப்பராயலுவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். பூஜைக்கு முன்னால் மயிலைக் கழுவுவது மருமகள் வேலை. மாமியார் மயிலைக் கையில் கொடுத்து, புளி போடாதே, பூந்திக்கொட்டைதான் போட வேண்டும், வேறு யாரையும் தொட விடாதே என்று ஆயிரம் பத்திரம் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. புது மருமகள் அல்லவா, நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று செண்பகம் மாங்கு மாங்கென்று தேய்த்தாள். கவ்வு ஒன்று நெகிழ்ந்தது. சில்லு நழுவி, சலதாரையில் விழுந்து, மழைத் தண்ணீரோடு தெருச் சாக்கடைக்குப் போயே போய்விட்டது. தோள்வரை கையை விட்டுத் துழாவியதில் கிடைத்தது ஒரு பித்தான்.

அழுதால் மாமியாருக்குக் கேட்கும். செண்பகம் அழவில்லை. முந்தானையில் மயிலை மறைத்துக்கொண்டு முன்பக்கம் கடைக்குப் போனாள். கடையில் ஆளில்லை. ஓட்டை உடைசல் கிடந்த டப்பாவைக் கிளறி, பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரமான ஃப்ரீவீல் ஒன்றின் உடைந்த துண்டை எடுத்தாள். அதே கருப்பு, ஏறக்குறைய அதே அளவு. ஒரே ஒரு பல் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அதை முடிந்தமட்டும் உள்பக்கமாகத் திருப்பி வைத்து, குறட்டால் கவ்வுகளை நெரித்துவிட்டாள். மேலே சந்தனத்தை அப்பியதும் பெத்த தாய்க்கும் அடையாளம் தெரியாது.

அன்றும் மறுநாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாமிக் குத்தம் வரப்போகிறது என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் பிரேம்குமார்தான் பிறந்தான். பயம் மெல்ல மெல்லப் பழகிப்போனது. தெருவில் ஆட்டோ ஓட்டுகிற பச்சமுத்து, வருஷா வருஷம் சாவியை மயிலில் தொட்டு வைத்துவிட்டு, வண்டியில் இத்தனை வருஷத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை, எல்லாம் எம்டன் குண்டின் மகிமை என்று கண் கலங்கும்போதெல்லாம் செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பக்தி என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மாமியார் கண்ணை மூடும்வரை மருமகளின் கைப்பக்குவத்தைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசினார். நல்லபடியாகத்தான் ஓடியது அவள் வாழ்க்கை.

வினை மகன் ரூபத்தில் வந்தது. விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் வரலாறு படித்துக்கொண்டிருந்த பிரேம்குமார், 2014இல் எம்டன் வந்து நூறு வருஷம் ஆனதற்குக் கண்காட்சி வைக்கிறார்கள், நம் மயில்தான் நடுநாயகம், சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்து இரும்பைச் சோதித்துப் பார்த்து எல்லார் முன்னாலும் பேசப்போகிறார் என்று ஒரே குதியாகக் குதித்தான். சுப்பராயலு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்த்தபடி "சரி" என்றார்.

செண்பகம் மயிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சபையில் வைத்து ஒரு நிபுணர் இது சைக்கிள் இரும்பு என்று சொன்னால், ஊரை ஏமாற்றியவர் என்ற பெயர் யாருக்கு வரும்? ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாத அந்த மனுஷருக்குத்தானே. அதை அவளால் தாங்கிக்கொள்ள முடியாது. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயைத் திறப்பாள். யாராவது பஞ்சர் ஒட்ட வந்துவிடுவார்கள்.

கடைசியில் கண்காட்சி நாளும் வந்தது. மயிலை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு, புருஷனோடு விழுப்புரம் பஸ் ஏறினாள். கூட்டேரிப்பட்டில் சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். மல்லாட்டை, மல்லாட்டை என்று கூவிக்கொண்டு வேர்க்கடலைக்காரர் ஏறிவிட்டார்; சுப்பராயலு ஒரு பொட்டலம் வாங்கினார். விக்கிரவாண்டி தாண்டியதும் இனி தாமதித்தால் ஊரே வந்துவிடும் என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மழை, சலதாரை, உடைசல் டப்பா, குறடு, ஒன்று விடவில்லை.

சுப்பராயலு மல்லாட்டையை உடைத்து, தோலை ஊதி, பருப்பை அவள் கையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கல்லூரிக் கூடம் நிறைந்திருந்தது. நிபுணர் கையுறை மாட்டிக்கொண்டு மயிலை எடுத்தார். தோகையைப் பார்த்து, அருமையான வேலை, அந்தக் காலத்துக் கைதான் என்றார். பிறகு பூதக்கண்ணாடியை வயிற்றுப் பக்கம் கொண்டுபோனார். செண்பகம் பெருமுக்கல் மலைச் சாமியை நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், ரொம்ப செரமப்படாதீங்க. அது ஃப்ரீவீலு," என்றது சுப்பராயலுவின் குரல். "மயிலு மட்டுந்தான் பழசு. இரும்பு நம்ம கடையுது."

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. பிரேம்குமாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. இது எப்போதிலிருந்து தெரியும் என்று நிபுணர் கேட்டார்.

"தொண்ணூத்தி மூணுலேருந்து சார். பூஜை அன்னிக்கு மயிலை எடுக்கறப்பவே பல்லு வெரல்ல குத்துச்சு. நாள் பூரா அதையே மாட்டிக்கினு கழட்டிக்கினு இருக்கறவனுக்குத் தெரியாதா?"

தெரிந்துமா இத்தனை வருஷம் கற்பூரம் காட்டினீர்கள் என்றார் நிபுணர்.

"குண்டு ஆளைக் கொல்ல வந்தது சார். இது எத்தினியோ பேரை ஸ்கூலுக்கும் வேலைக்கும் இஸ்துக்கினு போனது. ஆயுத பூஜைக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

நிபுணர் சிரித்துவிட்டார். மயிலை மறுபடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஃப்ரீவீலோடு அப்படியே இருக்கட்டும் என்றார். பையன்கள் அதைத்தான் முண்டியடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிரேம்குமாரும் நடந்ததை அம்மாவிடம் கேட்டுத் தேறி, எங்கள் அம்மா வைத்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் விளக்க ஆரம்பித்துவிட்டான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் செண்பகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜை வந்தால் அவள் பட்ட பாடு அவளுக்கல்லவா தெரியும்.

"தெரிஞ்சிக்கினே என்னை இப்பிடித் தவிக்க விட்டீங்களே. அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

சுப்பராயலு காலி டிபன் பாக்ஸைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"கேட்டா அம்மா காதுல விழும். அம்மா வாய் உனக்குத் தெரியாது அப்போ. நீ வேற ரெண்டு நாளா சாப்பிடாம கெடந்த. எங்க கோச்சிக்கினு பெருமுக்கலுக்கே போயிடுவியோன்னு பயம். குண்டு போனா போச்சு."

இத்தனை வருஷமும் தான்தான் இந்த மனுஷரைக் காப்பாற்றி வருவதாகச் செண்பகம் நினைத்துக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "போயிருந்தா?" என்றாள்.

"மயிலை எடுத்துக்கினு பின்னாலயே வந்திருப்பேன். குண்டை நான்தான் தொலைச்சேன்னு உங்க வீட்டுல சொல்றதுக்கு."