அடிவரைக்கும் பிரி

இந்த நினைவுமலரின் முன்பக்கத்துப் படத்தில் அக்கா சிரிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். அது அடையாள அட்டைக்கு எடுத்த படம். படமெடுத்தவர் “கொஞ்சம் சிரியுங்கோ அன்ரி” என்றார். “ஏன்?” என்று அக்கா கேட்டார். அந்த “ஏன்” முடிந்து வாய் மூடுவதற்குள் விழுந்த வெளிச்சம்தான் நீங்கள் காண்பது.

முப்பத்தோராம் நாளுக்கு வந்து பந்தியில் இருந்து எழும்பிய உறவுகளுக்கும், வர முடியாமல் கடலுக்கு அப்பால் நின்று கலங்கும் உறவுகளுக்கும், தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். “பொறுமையின் உறைவிடம், பாசத்தின் திருவுருவம் எண்டு எழுதுங்கோ, எல்லாரும் அப்பிடித்தானே எழுதுறவை” என்றான் தம்பி. எழுதிப் பார்த்தேன். அக்கா வாசித்திருந்தால் ஒரேயொரு சொல்தான் சொல்லியிருப்பார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறேன்.

அக்கா பரந்தனில் பிறந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வாய்க்கால் தண்ணீரை நம்பி வந்து வயல் செய்த அப்பாவுக்கு மூத்த பிள்ளை. எனக்குப் பதினொரு வயது மூப்பு, தம்பிக்குப் பதினைந்து. அப்பாவைப் பாம்பு தீண்டிய வருடம் பள்ளிக்கூடத்தை விட்டார். அதன்பின் வரம்பு, களை, சூடடிப்பு, சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுதல், திரும்பி வருதல், மறுபடி ஓடுதல். கடைசி ஓட்டத்தில் நாலு பேராகப் புறப்பட்டோம். அம்மாவை வழியில் விட்டோம். எந்த இடத்தில் என்று அக்காவுக்கு மட்டும் தெரியும். அதை அவர் யாருக்கும் சொல்லாமலே கொண்டுபோய்விட்டார்.

முகாமில் எங்கள் பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணுக்கு நிவாரண அட்டையில் பெயரின் ஓர் எழுத்துப் பிழைத்துப்போனது. திருத்தி வரும்வரை அரிசி இல்லை. அந்தப் பெண்ணின் குழந்தை அழுவதை ஆறு நாள் துணிச்சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டோம். எங்கள் அரிசியில் ஒரு சிறங்கை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, எங்கள் அட்டையில் இருந்த மூன்று பெயர்களையும் எழுத்து எழுத்தாகத் தடவித் தடவி வாசித்தார் அக்கா. அந்த ஆறு நாளில்தான் அவருக்குள் ஏதோ ஒன்று இறுகியது என்று நினைக்கிறேன். பிறகு அது இளகவேயில்லை.

கூடை அவருக்கு வந்ததும் அங்கேதான். யாரோ எறிந்துவிட்ட, கைபிடி அறுந்த ஒரு வயர் கூடை. ஒரு பகல் முழுக்க இருந்து அதை முடிச்சு முடிச்சாகப் பிரித்தார். இரண்டாம் நாள் அதே வயரில் திருப்பிப் பின்னினார். “ஆரிட்டப் பழகினனீ?” என்று கேட்டவர்களுக்கு, “பிரிச்சுப் பழகினனான்” என்று பதில்.

பிறகு வவுனியாவில், நெளுக்குளத்தில் ஒரு வளவும் அதில் ஒரு சின்ன வீடும். அக்கா அரிசி ஆலையில் சாக்கு வாய் தைத்தார். நான் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர். தம்பி மோட்டார் சைக்கிள் திருத்தும் கடைக்குப் போனான். கிழமையில் ஆறு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் காணாத வீடு. ஞாயிறு வந்தால் அக்காவின் நாள். மத்தியானச் சோறு முடிந்ததும் டிவி நிற்கும், விறாந்தையில் பாய் விரிபடும், நடுவில் வயர் கட்டுகள் உருளும்: நீலம், சிவப்பு, முட்டை மஞ்சள். கோயில் திருவிழா, கலியாணவீடு எதுவானாலும் ஞாயிறென்றால் நாங்கள் போகமாட்டோம். உங்களில் பலர் அதற்காக எங்களைக் கோபித்திருக்கிறீர்கள். குடும்பம் கூடியிருந்து கைவேலை செய்வது எவ்வளவு வடிவு என்று ஊர் சொல்லிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களுக்கு அந்த வடிவு தெரியும்.

பின்னேரம் அக்கா ஒவ்வொருவர் கூடையாக வாங்குவார். வலது பெருவிரலை அடிப்பக்கத்தில் வைத்து ஓர் அழுத்து. கண்ணை மூடிக்கொள்வார். விரலுக்கு ஏதும் பட்டால் ஒரு சொல்.

“பிரி.”

எவ்வளவு என்று கேட்டால், “அடிவரைக்கும்.”

பிரிப்பது பின்னுவதைவிடக் கொடுமை என்பது பிரித்தவர்களுக்குத் தெரியும். ஒருமுறை முடிச்சு விழுந்த வயர் அந்த வளைவை விடாது. சுடுதண்ணீரில் போட்டாலும், துணி வைத்து இஸ்திரி போட்டாலும், நெளிநெளியாகவே கிடக்கும். எங்கள் வீட்டில் நேரான வயரைவிட நெளிந்த வயர்தான் கூட.

தம்பியின் மனைவி வாணி கலியாணம் முடித்து வந்த மூன்றாம் கிழமை தன் முதல் கூடையைக் கொடுத்தாள். சிவப்பில் மஞ்சள் கரை. அக்காவின் விரல் அழுத்தியது.

“பிரி.”

“கைபிடி மட்டுமோ பெரிய மச்சாள்?”

“அடிவரைக்கும்.”

வாணியின் கண் நிரம்பிவிட்டது. தம்பி பொறுக்காமல், “அக்கா, அது கூடையக்கா. பாலமில்லை” என்றான்.

“பாலமெண்டா விட்டிருப்பன்ரா. பாலம் உடைஞ்சா அரசாங்கம் கட்டித் தரும். கூடை அறுந்தா விழுந்து உடையிற முட்டையை உன்ர மாமியே தருவா?”

நாங்கள் சிரித்தோம். வாணி சிரிக்கவில்லை. நான் சிரித்தேன் என்பதை வாணி மறக்கவுமில்லை.

அக்காவுக்கு அடங்காதவர் பக்கத்து வளவு ஹசீனா ராத்தா ஒருவர்தான். ஞாயிறுகளில் வந்து பாயின் ஓரத்தில் இருந்து கோணல் மாணலாக எதையோ பின்னுவார். “பிரி” என்றால், “உங்கட பிரிய உங்கட ஊட்டு ஆக்களுக்கு வெச்சுக்கொள்ளுங்க. நான் இதுக்குள்ள வெங்காயம் போடப் போறன்” என்று எழும்பிப் போவார். ராத்தாவின் குசினியில் அந்தக் கூடை இன்றைக்கும் வெங்காயத்தோடு தொங்குகிறது. கோணலாகத்தான், ஆனால் தொங்குகிறது.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உறவுகளில் சிலருக்குத் தெரியும். பாதிதான் தெரியும்.

எனக்கு முப்பத்தேழு வயதில், முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையும் தாயும் ஒரு ஞாயிறு என்னைப் பார்க்க வந்தார்கள். வேறு நாளில் வரச் சொல்லுங்கோ என்று நான் கேட்டேன். “எங்கட நாளில வந்து எங்களைப் பாக்கட்டும்” என்றார் அக்கா. பாய் விரித்தபடி, வயர் சிதறியபடி அவர்களை வரவேற்றோம். அந்த மனிதர் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். கதிரையில் இருக்கச் சொன்னோம். இருந்தவர் சற்று நேரத்தில் இறங்கிப் பாயில் வந்து இருந்து, “சும்மாதானே இருக்கிறன், நானும் ஒருக்காப் பின்னிப் பாக்கட்டோ?” என்று என்னிடம் கேட்டார். நீல வயரைக் கொடுத்தேன். நாலு முடிச்சுப் போட்டார். நாலும் பிழை. எனக்கு அந்த நாலு முடிச்சையும் பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது.

அக்கா கையை நீட்டினார். வாங்கினார். பெருவிரல். கண் மூடல்.

“பிரியுங்கோ தம்பி.”

மரியாதையாகத்தான் சொன்னார். தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் நின்ற தாய்க்கு முன்னும் தெரியாது பின்னும் தெரியாது. அவருடைய காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான்.

“என்ன பிள்ளை சொல்லுறாய்?” என்று அந்த அம்மா கேட்டார். “பொம்பிளை பாக்க வந்த இடத்தில பிரியுங்கோ எண்டோ சொல்லுறாய்?”

“கூடையை அம்மா, கூடையைத்தான்” என்று நான் பதறினேன்.

“எதையெண்டாலும். வாயில வந்த சொல் வந்ததுதான். நல்ல காரியத்துக்கு வந்த வீட்டில வரக்கூடாத சொல்.”

அக்கா வாய் திறந்திருக்கலாம். ஒரு “மன்னியுங்கோ” போதும். அவர் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் நாலு முடிச்சையும் நகத்தால் நெம்பிப் பிரித்தார். நெளிந்த இடத்தைத் தொடையில் வைத்துத் தேய்த்து நேராக்கப் பார்த்தார். பிறகு வயரை அக்காவிடம் கொடுக்காமல் என்னிடம் தந்தார். செவ்வாய்க்கிழமை தரகர் வந்து, பொருத்தம் சரிவரவில்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“ஏனக்கா?” என்று கேட்டேன்.

“முடிச்சு பிழை.”

“அது எனக்கும் தெரியும்.”

“தெரிஞ்சா பிறகென்ன? ஒரு சொல்லுக்கு எழும்பிப் போறவை உன்னை எத்தினை நாள் வைச்சிருப்பினம்?”

அதற்குப்பிறகு சம்பந்தம் ஒன்றும் வரவில்லை. நான் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் பாயில் இருந்து பின்னினேன். அந்தச் சொல்லை மட்டும் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

வாணி பிள்ளைத்தாச்சியானதும் தம்பி பரந்தனுக்குப் போய் அப்பாவின் காணியில் வீடு கட்டினான். தொழிலுக்கு வசதி என்று சொன்னான். ஞாயிறுகளுக்குத் தப்பித்தான் போகிறான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதன்பின் பாயில் இரண்டு பேர். அக்கா, நான். நாள் முழுக்கப் பேசாமல் பின்னுவோம். பின்னேரம் ஒரு சொல்.

சென்ற வருடம் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. ஹசீனா ராத்தாவின் கணவர் தன் ஓட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். உயிர் தப்பியது. பேச்சு கொஞ்சம் குழறிக்கொண்டு திரும்பி வந்தது. கை திரும்பவில்லை. அந்தப் பெருவிரல், அத்தனை கூடைகளுக்கும் தீர்ப்புச் சொன்ன விரல், மடியில் செத்த மீன்குஞ்சுபோலக் கிடந்தது. குளிப்பாட்டினேன், ஊட்டினேன், உடுப்பு மாற்றினேன். ஊர் என்னைப் புகழ்ந்தது. “இப்பிடி ஒரு தங்கச்சி ஆருக்குக் கிடைக்கும்” என்று உங்களில் எத்தனை பேர் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்.

ஞாயிறுகளில் அக்கா பாயைக் கண்ணால் காட்டுவார். விரிப்பேன். இடது கையால், வயர் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கூடை தொடங்கினார். நீலம். இரண்டு மாதம், எட்டோ ஒன்பதோ ஞாயிறு. வாயோரம் வயர் அறுத்துப் புண்ணாகியது. புண்ணுக்கு மருந்து பூசியதும் நான்தான்.

அது முடிந்த பின்னேரம், அக்கா கூடையை என் பக்கம் தள்ளினார். வாழ்க்கையில் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

“எப்பிடி?”

நான் கூடையை எடுத்தேன். அடியில் பெருவிரலை வைத்தேன். கண்ணை மூடினேன். விரலுக்குப் பிழை பட்டது உண்மை. ஒற்றைக் கையால் கட்டிய அடி, ஒரு மூலை தொய்ந்துதான் இருந்தது. ஆனால் நான் விரலுக்காகச் சொல்லவில்லை.

“பிரியுங்கோ அக்கா.”

அக்கா என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியது என்று எனக்கும் தெரிந்தது.

“அடிவரைக்குமோ?”

“ஓம். அடிவரைக்கும்.”

தர்க்கமில்லை, கண்ணீரில்லை. பல்லில் பிடித்து, இடது கையால் இழுத்து, கைபிடி, விளிம்பு, சுவர் என்று இறங்கினார். இடையில் “போதும் அக்கா” என்று சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். அவருக்கும் ஊற்றி ஆறவைத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர் குடிக்கவில்லை. கடைசி முடிச்சு கழன்றதும் வயரையெல்லாம் ஒரு பையில் போட்டு, பையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

“வாற ஞாயிறு திருப்பிப் பின்னுறன்” என்றார். “நீ சொன்னது சரி. அடி பிழைதான்.”

வியாழன் காலையில் அக்கா காலமானார்.

செத்தவீட்டுக்கு வந்த வாணி அந்தப் பையைக் கண்டாள். “நீலக் கூடை எங்க சின்ன மச்சாள்?” என்று கேட்டாள். “பெரிய மச்சாள் போனில சொன்னவா, உங்களுக்கெண்டு ஒண்டு பின்னுறாவாம். எல்லாருக்கும் பின்னிக் குடுத்தாச்சு, அவளுக்குத்தான் ஒண்டும் குடுக்கேல்லை எண்டு சொன்னவா.” நான் பையைக் காட்டினேன். நடந்ததையும் சொன்னேன்.

போன ஞாயிறு, இந்த முப்பத்தோராம் நாளுக்கு முன்வந்த கடைசி ஞாயிறு, தம்பியும் வாணியும் நானும் பாய் விரித்து இருந்தோம். அந்த வயரைச் சுடுதண்ணீரில் போட்டோம். நெளிவு போகவில்லை. அப்படியே பின்னினோம். மூன்று பேரின் ஆறு கை, அக்காவின் ஒற்றைக் கையளவுக்குக்கூட வரவில்லை. பின்னேரம் கூடையை வாணியிடம் கொடுத்தேன்.

“விரல் வைச்சுப் பார் வாணி.”

அவள் வைத்தாள். அழுத்தினாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பும் மஞ்சளுமாக அவள் பிரித்த அந்த முதல் கூடைக்கும், அன்றைக்கு நான் சிரித்த சிரிப்புக்கும் இதைவிட நல்ல நேரம் வராது. சொல்லு, சொல்லு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

“இருக்கட்டும் சின்ன மச்சாள்” என்றாள் வாணி. கூடையை என் மடியில் வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்க எழும்பிப் போனாள்.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டோடியவருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து அக்காவின் வாயைத் துடைத்துவிட்ட ஹசீனா ராத்தாவுக்கும், வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், செத்தவீட்டன்று பந்தல் போட்டு, தண்ணீர் சுமந்து, பாடையில் தோள் கொடுத்த நெளுக்குளத்து அயலவர்களுக்கும், ஆலையில் அக்காவோடு சாக்குத் தைத்த பெண்களுக்கும், தொலைவிலிருந்து தொலைபேசியில் அழுதவர்களுக்கும், இறுதிக் கிரியைகளைச் செய்த தம்பிக்கும், என்னை மன்னித்துவிட்ட வாணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் கையைப் பிடித்துப் புகழ்ந்தவர்கள் அந்தப் புகழைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

நீலக் கூடை குசினி ஆணியில் தொங்குகிறது. முட்டை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது முட்டையோடு ஒரு மூலை தொய்ந்தது.

அடி பிழை, அக்கா. சொல்ல ஆளில்லை.