நேர்காணலுக்கு முதல் நாள் எஸ்தர் போய்விட்டார்

செவ்வாய்க்கிழமை காலை, பதினொன்றாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தானியேல் அழைத்தார். எஸ்தரின் அண்ணன். வகுப்பு நேரத்தில் அழைக்கிற மனிதர் அல்ல என்பதால் வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தேன்.

“மிஸ், எஸ்தர் போயிட்டா.”

“எங்க போயிட்டாங்க? நாளைக்குத் தாரணிக்கு இண்டர்வியூ இருக்கே!” என்றேன்.

மறுமுனையில் அழுகைதான் கேட்டது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. முதல் நாள் சாயங்காலம் என்னோடு டீ குடித்தவர். “நாளன்னிக்கு அந்தப் புள்ள பளிச்சுன்னு ஒரு சுடிதார் போட்டுக்கிட்டு வரணும், சொல்லி வைங்கக்கா” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பியவர். நாற்பத்திரண்டு வயது. ஒரு தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டு நான் பார்த்ததில்லை. காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தாராம். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். எஸ்தருக்கு மாரடைப்பு என்று இப்போது எழுதும்போதும் வேறு யாரைப் பற்றியோ எழுதுவதுபோல்தான் இருக்கிறது.

திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு அருகே அவர் நடத்திய இ-சேவை மையத்துக்கு உங்களில் பலர் சாதிச் சான்றிதழுக்கும் பட்டா நகலுக்கும் போயிருப்பீர்கள். கல்லூரி விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகள் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் பக்கத்தில் இருக்கிற அதே நாலு கல்லூரிகளையே எழுதுவது அவருக்குப் பொறுக்கவில்லை. “இந்த மார்க்குக்கு நாட்டுல எங்க வேணும்னாலும் போய்க் கேக்கலாமே. யாரும் சொல்லலையா?” என்று கேட்டாராம். யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் அப்பா அடுத்தவர் வயலில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். இயற்பியல் முடித்தபோது தனக்கும் யாரும் சொல்லவில்லை என்பதை எஸ்தர் ஒரே ஒருமுறை, அதுவும் சிரித்துக்கொண்டேதான், சொன்னார். சனிக்கிழமைகளில் அவர் கடையில் பிள்ளைகள் கூட ஆரம்பித்தது அப்படித்தான். ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார். நானும் போனேன்.

ஒருமுறை வசதியான ஒருவர் காரில் வந்து இறங்கினார். விண்ணப்பத்தோடு மாணவர் தன்னைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டிய கட்டுரையை மகனுக்காக எஸ்தரே எழுதித் தர வேண்டும் என்றார். “நான் எழுதினா சீட்டு எனக்குல்ல சார் குடுப்பாங்க? இந்த வயசுல ஹாஸ்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது” என்றார் எஸ்தர். வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மகன் மட்டும் அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் வந்தான். அவனையும் உட்காரவைத்தார்.

விவசாயி செல்வராஜ் அண்ணனின் கதை ஊருக்கே தெரியும். அவர் மகளுக்கு வடக்கே ஒரு அறிவியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. நாடு முழுக்கப் போட்டி போட்டுச் சேருகிற இடம். “பொம்பளப்புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பிட்டு நான் எப்படித் தூங்குறது?” என்று மறுத்துவிட்டார். எஸ்தர் வாதாடவில்லை. “நீங்க ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்து வேணாம்னு சொல்லுங்கண்ணே. அப்புறம் நான் வாயே தொறக்கல” என்றார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விட வேண்டும் என்று அண்ணன் சாக்குச் சொல்ல, அந்த வேலைக்குத் தானியேலை நிறுத்திவிட்டு, அவரையும் என்னையும் ரயிலில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

அங்கே போய் அண்ணன் வகுப்பறை எதையும் பார்க்கவில்லை. நேராக விடுதிக்குப் போனார். ராத்திரி வாசலில் யார் இருப்பார்கள், காய்ச்சல் வந்தால் யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று கேட்டார். எஸ்தர் ஒரு கேள்வியைக்கூட விடாமல் காப்பாளரிடம் ஆங்கிலத்தில் கேட்டுப் பதில் வாங்கித் தந்தார். திரும்பும்போது ரயில் காட்பாடி தாண்டிய பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார். “சோறு கொஞ்சம் கொழகொழன்னு இருக்கு. மத்தபடி பரவால்ல.” எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாரணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். முழு உதவித்தொகையோடு படிக்கவைக்கிற ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு அவள் விண்ணப்பித்தாள். தன்னைப் பற்றிய கட்டுரையில் நாட்டுக்குச் சேவை செய்வேன் என்று எழுதியிருந்தாள். எஸ்தர் படித்துவிட்டு, “இது நீ இல்லடி, யாரோ மேடையில பேசுறாங்க. நேத்து சாயங்காலம் என்ன பண்ணே?” என்று கேட்டார்.

“ஒண்ணும் பண்ணலக்கா. வாய்க்கால்ல ஆகாயத்தாமர அடைச்சிருந்துச்சு. அம்மாவும் நானும் இழுத்துப் போட்டோம். எவ்ளோ எடுத்தாலும் திரும்ப வந்துடுது. ஏன் இவ்ளோ வேகமா வளருதுன்னு ரெண்டு பக்கெட்ல வேற வேற தண்ணியில போட்டு வெச்சிருக்கேன்.”

எஸ்தர் என்னைப் பார்த்தார். “கேட்டீங்களாக்கா? இத எழுதாம சேவை செய்யப் போறாளாம்!”

அந்தக் கட்டுரைதான் அவளை நேர்காணல் வரை கொண்டுவந்தது. புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு இணையத்தில் நேர்காணல். எஸ்தரை அடக்கம் செய்ய ஆலயத்தில் குறித்த நேரமும் அதுதான்.

புதன்கிழமை காலையிலிருந்து தாரணி எஸ்தரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிட்டதும், “நான் போகல மிஸ். அக்காவ இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?” என்றாள். யாரிடம் கேட்பது என்று என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தது பெட்டிக்குள் கிடந்த எஸ்தரைத்தான். எந்தச் சிக்கலானாலும் அவரிடம் கேட்டே பழகிவிட்டது.

தானியேல் வந்து அவள் பக்கத்தில் குந்தினார். “போ பாப்பா. இவ்ளோ தூரம் வந்துட்டு நீ போகலன்னா அவளால தாங்க முடியாது. நாங்க இருக்கோம், நாங்க பாத்துக்குறோம்” என்றார்.

எங்கள் பள்ளியின் கணினி அறையில் அவளை உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். தேவாலய மணி அங்குவரை கேட்டது. அந்த மணி எதற்கு என்று எனக்குத் தெரியும், உள்ளே இருந்தவளுக்கும் தெரியும். அவள் குரல் நின்றது. பிறகு மறுபடி பேச ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும், என்ன கேட்டார்கள் என்றேன். “கண்ணு ஏன் செவந்திருக்குன்னு கேட்டாங்க மிஸ். சொன்னேன். வேற நாள் வெச்சுக்கலாமான்னாங்க. வேணாம், இன்னைக்கே பேசுறேன்னு சொல்லிட்டேன்.”

நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஈர மண்ணின்மேல் மாலைகள் கிடந்தன. கூட்டம் கலைந்த பிறகும் செல்வராஜ் அண்ணன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். “ஒங்களுக்கும் அந்தப் புள்ளைக்கும் சேத்து நானே மண்ணு போட்டுட்டேன்” என்றார். அங்கேதான் நான் முதன்முதலாக அழுதேன்.

தாரணிக்கு இடம் கிடைத்துவிட்டது. இதை எழுதும்போது வருகிற சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

போன வாரம் அவளுடைய விடுதி அறை பற்றிக் கேட்க அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். இந்த மாதிரிப் போன்களை எஸ்தர்தான் பேசுவார். மறுமுனையில் இருந்த பெண், மாணவிக்கு நான் என்ன உறவு என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு பிள்ளைக்கும் எஸ்தரிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. தேவாலயத்துக்குப் போகிற பிள்ளையோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பிள்ளையோ, எந்தத் தெருப் பிள்ளையோ, அவர் சொல்கிற பதில் ஒன்றுதான். அந்தப் பதிலைச் சொல்கிற உரிமையைத்தான் எஸ்தரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன்.

“எங்கள் வீட்டுப் பெண்” என்றேன்.

“சரி, சொல்லுங்கள்” என்றார் அந்தப் பெண்.