நீருக்குள் இறங்கும் பெயர்கள்

என் சின்ன வயதில் கோடைகால ஞாயிற்றுக்கிழமை என்றால், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் லஷீன் கால்வாய்தான். அப்பா டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். சனி இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வருவார், குட்டித் தூக்கம் போடுவார், பிறகு எங்களை மெட்ரோவில் ஏற்றிக் கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போவார். அம்மா புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக்கொண்டு வருவார். புல்லில் துணி விரித்ததும் அப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டு மறுபடி உறங்கிப்போவார். நானும் தம்பியும் வாடகைக்கு எடுத்த கயாக் படகுகளில் போகிறவர்களை வாய் பார்த்துக்கொண்டிருப்போம். ஏற வேண்டும் என்று கேட்டதே இல்லை. தண்ணீரில் விழுந்தால் அம்மா கொன்றுவிடுவார் என்ற பயம் வேறு. அந்தப் புட்டின் ருசியும் துடுப்பு தண்ணீரில் விழும் சத்தமும் இன்றைக்கும் எனக்குச் சேர்ந்தேதான் ஞாபகம் வருகின்றன.

வளர்ந்து கட்டடக் கலைஞராகி, அதே நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் குடியிருக்கும்போது, அதே கரையில் ஒரு வேலை என் மேசைக்கு வந்தது. துள்ளிக் குதித்தேன். கயாக் இறக்க ஒரு படித்துறை, உட்கார்ந்து சாப்பிட நிழல் தரும் ஒரு கூரை. அவற்றோடு, அந்தப் பக்கத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு ஒரு நினைவிடம். அந்த ஆண்களில் நிறையப் பேர் ரயில்களின் தூங்கும் பெட்டிகளில் போர்ட்டர்களாக இருந்தவர்கள். பயணிகளுக்குப் படுக்கை விரிப்பதும், சப்பாத்துத் துடைப்பதும், பெட்டி தூக்குவதும் அவர்கள் வேலை. பின்னாளில் நெடுஞ்சாலை போடுவதற்காக அவர்களுடைய வீடுகள் பலவற்றை இடித்திருக்கிறார்கள். நான் புல்லில் புட்டுச் சாப்பிட்ட காலம் முழுக்க இது ஒன்றுமே எனக்குத் தெரியாது.

முதலில் நான் வரைந்தது ஒரு கருங்கல் சுவர். பெயர்கள் அதன் உச்சியில். சுவரடியில் யாரும் கால் வைக்காதபடி கூழாங்கல். யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வேறெப்படித் தோன்றும்? எழுத்துள்ள தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். ஈரக்காலோடு ஓடித் திரிகிறவர்கள் அந்தப் பக்கம் வராமலிருக்க ஒரு செடி வேலியும் போட்டேன். என் வேலையில் எனக்கே பெருமை பிடிபடவில்லை.

அந்த வட்டாரத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் வரைபடத்தை விரித்தேன். கூடியிருந்தவர்களில் ஒரு போர்ட்டரின் மகளும் இருந்தார். ஓய்வுபெற்ற தாதி, ஊன்றுகோலோடு நடப்பவர். “என் அப்பா எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். சுவரின் உச்சியைக் காட்டினேன்.

“ரயிலில் மேல் படுக்கைகளை விரித்து விரித்தே அவருடைய தோள் போய்விட்டது. நீ அவரைத் திரும்பவும் மேலே ஏற்றுகிறாயே, பிள்ளை.”

மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “வேறெங்கே வைக்கச் சொல்கிறீர்கள்?”

“தண்ணீருக்கு இறங்குகிற படிகளில்.”

“எல்லோரும் மிதிப்பார்களே!”

“மிதிக்கட்டும்.”

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அவருடைய அப்பாவின் மானத்தை அவரிடமிருந்தே காப்பாற்றப் புறப்பட்டவள்போல வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். “படியில் இல்லையென்றால் என் அப்பாவின் பெயரை எடுத்துவிடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை பியர்பொன்ட்ஸுக்கு, அப்பா அம்மா வீட்டுக்குப் போனேன். அப்பா தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குழாயை மூடிவிட்டார்.

“பெயரை மிதிக்கிறதோ? விசர்க் கதை கதையாதை.”

“நானில்லை அப்பா, அந்த அம்மாதான் அப்பிடிக் கேக்கிறா.”

“ஏனெண்டு கேட்டனியோ?”

“இல்லை.”

“கேக்காமலே சண்டை பிடிச்சிட்டு வந்திருக்கிறாய். அப்பிடியே உன்ரை அம்மாதான்.”

உள்ளேயிருந்து அம்மா, “எனக்குக் கேக்குது” என்றார்.

பிறகு அந்தப் போர்ட்டரின் மகளிடம் போய்க் கேட்டேன். கால்வாய்க் கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து சொன்னார். ரயிலில் பயணிகள் எல்லாப் போர்ட்டர்களையும் ஒரே பெயரால்தான் கூப்பிடுவார்களாம். யாருடைய பெயரோ அது. அவர் அப்பா பயணம் முடிந்து வந்தால் இந்தக் கரைக்குத்தான் வருவாராம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை விட்டபடி இருப்பாராம். போகிற வருகிற அயலவர்கள் எல்லோரும் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம்.

“சுவருக்கு முன்னால் வருகிறவர்கள் தலையைக் குனிந்து நிற்பார்கள், பிறகு போய்விடுவார்கள். ஒருவரும் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஈரக்காலோடு ஒரு குழந்தை வந்து, இது யார் என்று கேட்டுச் சத்தமாக வாசிக்கும். எனக்கு அது வேண்டும். அவர் பெயருக்குப் பக்கத்தில் நானும் ஒரு தடவை காலை நனைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.”

சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் உறங்கும் என் அப்பா கண்முன்னே வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தாதி அல்லவா, கைத்துடைப்பானை எடுத்து நீட்டினார்.

வேலியையும் சுவரையும் அழித்தேன். கயாக் இறக்கும் துறையையும் நினைவிடத்தையும் ஒரே அகலப் படிகளாக்கினேன். பெயர்களைப் படிக்கல்லிலேயே, மழைநீர் தேங்கி நிற்கும் அளவுக்கு ஆழமாக வெட்டச் சொன்னேன். ஊன்றுகோலோடு வருகிற போர்ட்டரின் மகளுக்காக ஒரு கைப்பிடியும் போட்டேன்.

திறந்த அன்று நல்ல வெயில். அம்மா புட்டோடு வந்திறங்கினார். உயிர்காப்பு அங்கி போட்ட பிள்ளைகள் கயாக்குகளை இழுத்துக்கொண்டு படிகளில் ஏறி இறங்கினார்கள். போர்ட்டரின் மகள் கடைசிப் படியில் தன் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில், தண்ணீரில் கால்களை விட்டபடி உட்கார்ந்திருந்தார். என் அப்பா மட்டும் சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்படியில் நின்றார். இறங்கவே இல்லை.

“அது யார்?” என்று போர்ட்டரின் மகள் என்னிடம் கேட்டார்.

“என் அப்பா. பெயர்களை மிதிக்கப் பயப்படுகிறார்.”

அவர் கையசைத்துக் கூப்பிட்டார். அப்பா எழுத்தில்லாத ஓரமாகப் பார்த்துப் பார்த்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கல்லிலிருந்த பெயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது எதற்கென்று போர்ட்டரின் மகளுக்கு நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு, அப்பாவிடம் பெயரைக் கேட்டார்.

அப்பா உணவகத்தில் தனக்கு வைத்திருந்த குட்டிப் பெயரைச் சொன்னார். வேலையிலிருந்த காலம் முழுக்க அதுதான் அவர் பெயர்.

“அது வேலையில் வைத்ததுதானே? வீட்டில் வைத்தது என்ன?”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தன் முழுப்பெயரையும் மெதுவாகச் சொன்னார். போர்ட்டரின் மகள் அதைச் சொல்லிப் பார்த்தார், பாதியில் தடுக்கியது. சிரித்துக்கொண்டு மறுபடி சொன்னார், மறுபடி தடுக்கியது. கயாக்கிலிருந்து அப்போதுதான் ஏறிய ஒரு சிறுமி, சொட்டச் சொட்ட நின்றபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் ஓரெழுத்தும் பிசகாமல், கரை முழுக்கக் கேட்கும்படி அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல அப்பா சட்டென்று நிமிர்ந்தார்.

“ஓம்” என்றார். “நான்தான்.”